கண் வறட்சியும் தாவரச் சத்து மாத்திரைகளும்: மருந்துக்கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருப்பூரில் பனியன் கம்பெனிகள் நெருங்கிக் கிடக்கும் ஒரு பகுதியில் மருந்தாளுநராக இருக்கிறேன். மாலை ஷிப்ட் விட்டதும் தையல், செக்கிங், கணக்கு என்று எல்லாப் பிரிவுகளிலிருந்தும் ஆட்கள் கடைக்கு வருவார்கள். அவர்களில் நாலைந்து பேராவது கண்ணைக் கசக்கிக்கொண்டே, "பக்க விளைவு இல்லாத, செடியில் செய்த மாத்திரை ஏதாவது இருந்தால் கொடுங்கள்" என்பார்கள். கூட்ட நேரத்தில் ஒருவருக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் பேச முடிவதில்லை. அங்கே அரைகுறையாகச் சொன்ன பதில்களை இங்கே முழுமையாக எழுதுகிறேன்.

கண் வறட்சி என்றால் கண்ணீர் வற்றிவிட்டது என்று பொருளா?

பெரும்பாலானவர்களுக்கு அப்படி இல்லை. "எனக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது, வறட்சி என்கிறீர்களே" என்று கோபப்பட்டவர்களும் உண்டு. இரண்டும் ஒன்றாகவே வரும்.

கருவிழியின் மேல் எப்போதும் கண்ணீர் மெல்லிய படலமாகப் படர்ந்திருக்கிறது. அது வெறும் தண்ணீர் அல்ல. விழியோடு ஒட்டிக்கொள்ள வழவழப்பான சளிப்பொருள் அடியில் இருக்கிறது, நடுவில் நீர், மேலே எண்ணெய். அந்த எண்ணெய் இமை ஓரங்களில் வரிசையாக இருக்கும் மெய்போமியன் சுரப்பிகளிலிருந்து வருகிறது. குழம்பின் மேல் மிதக்கும் எண்ணெய் ஆவியை அடக்குவதுபோல, இந்த எண்ணெய்தான் கண்ணீர் காற்றில் போய்விடாமல் காக்கிறது. சுரப்பியின் வாய் அடைத்துக்கொண்டாலோ எண்ணெய் கெட்டியாகிவிட்டாலோ, நீர் போதுமான அளவு இருந்தும் படலம் சில நொடிகளில் உடைந்துவிடும். உடைந்த இடத்தில் மணல் விழுந்தாற்போல உறுத்தும். உறுத்தல் தாங்காமல் கண் நீரைக் கொட்டும். அந்த நீரில் எண்ணெய் இல்லாததால் அதுவும் நிற்காது.

நீர் சுரப்பே குறைந்துபோகும் வகையும் உண்டு. வயது, மாதவிடாய் நிற்கும் காலம், ஷோக்ரன் என்னும் தன்னெதிர்ப்பு நோய், சளிக்கும் அலர்ஜிக்கும் சாப்பிடும் சில மாத்திரைகள், மன அழுத்தத்துக்கான சில மருந்துகள் என்று காரணங்கள் பல. எந்த வகை என்பதைக் கண் மருத்துவர் எளிதாகவே கண்டுபிடித்துவிடுவார். கீழ் இமையில் ஒரு காகிதத் துண்டை மடித்துத் தொங்கவிட்டு, ஐந்து நிமிடத்தில் எத்தனை மில்லிமீட்டர் நனைகிறது என்று பார்ப்பது ஒரு சோதனை. மஞ்சள் சாயம் ஒரு சொட்டு விட்டு, படலம் எத்தனை நொடியில் உடைகிறது என்று எண்ணுவது இன்னொன்று. மாத்திரை டப்பாவைத் தேடுவதற்கு முன்னால் இந்த இரண்டையும் செய்துகொள்ளுங்கள் என்பதுதான் நான் எல்லோரிடமும் கெஞ்சிக் கேட்பது.

செல்போனும் கம்ப்யூட்டரும் பார்த்தால் மட்டும் கண் ஏன் இப்படிப் பூத்துப்போகிறது?

சாதாரணமாக நிமிடத்துக்குப் பதினைந்து முறையாவது இமைக்கிறோம். திரையைக் கூர்ந்து பார்க்கும்போது அது பாதிக்கும் கீழே இறங்கிவிடுகிறது. இமைப்பதும் அரைகுறையாகத்தான்: மேல் இமை பாதி வந்து திரும்பிவிடும். இமை முழுசாக மூடித் திறந்தால்தான் சுரப்பியிலிருந்து எண்ணெய் வழிந்து கண்ணில் பரவும். துணியில் ஓட்டை, கறை பார்க்கும் செக்கிங் வேலையிலும் இதேதான் நடக்கிறது. திரையின் நீல ஒளிதான் காரணம் என்று சொல்லி விற்கும் கண்ணாடிகளால் கண் சோர்வு குறைவதாகத் தெரியவில்லை என்று 2023-இல் வந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு சொல்லிவிட்டது.

"தாவரச் சத்து" என்று விற்கும் கண் மாத்திரைகளில் உண்மையில் என்ன இருக்கிறது?

முக்கால்வாசி டப்பாக்களில் முதல் பெயர் லுடீன், அடுத்தது ஜியாக்சாந்தின். இரண்டும் மஞ்சள் நிறமிகள். எங்கிருந்து வருகின்றன என்று கேட்டால் பலருக்கு வியப்பாக இருக்கும்: செண்டுமல்லிப் பூவிலிருந்து. தென் மாவட்டங்களில் கேந்தி என்பார்களே, ஆயுத பூஜைக்கு வண்டியில் மாலையாகத் தொங்குமே, அதே பூதான். சத்தியமங்கலம் பக்கமும், எல்லை தாண்டிக் கர்நாடகத்தில் குண்டலுப்பேட்டை பக்கமும் மாலைக்காக அல்லாமல் ஆலைக்காகவே இதைப் பயிரிடுகிறார்கள். பறித்த பூவை மலை மலையாகக் குவித்துப் புளிக்க வைத்து, பிழிந்து, உலர்த்தி, கரைப்பானில் சாறு இறக்குவார்கள். சத்தியமங்கலம் சாலையில் ஒருமுறை பூ ஏற்றிய லாரிக்குப் பின்னால் போயிருக்கிறேன். சாக்கின் இடுக்கு வழியாக மஞ்சள் இதழ்கள் சாலை முழுக்க உதிர்ந்துகொண்டே போயின. அந்த வாசனை இன்னும் நினைவிருக்கிறது. சாற்றில் ஒரு பங்கு கோழித் தீவனத்துக்கும் போகிறது. முட்டையின் மஞ்சள் கரு எடுப்பாகத் தெரிய அது உதவும். இன்னும் சுத்தப்படுத்தியது உங்கள் மாத்திரைக்குள் வருகிறது.

லுடீனுக்கு அடுத்து ஆளி விதை எண்ணெய், பாசி எண்ணெய், நெல்லிக்காய்ச் சாறு, பில்பெர்ரி, பீட்டா கரோட்டின் என்று கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

அந்த லுடீன் வறட்சியைத் தீர்க்குமா?

லுடீன் போய்ச் சேரும் இடம் விழித்திரையின் நடுப்பகுதி. வறட்சி இருப்பது கண்ணின் முன்புறத்தில், கண்ணீர்ப் படலத்தில். வீட்டில் கூரைக்கும் வாசலுக்கும் உள்ள தூரம் இது.

லுடீனுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது அமெரிக்காவில் நடந்து 2013-இல் முடிவு வெளியான 'அரெட்ஸ் 2' ஆய்வு. நாள் ஒன்றுக்கு லுடீன் 10 மில்லிகிராம், ஜியாக்சாந்தின் 2 மில்லிகிராம் ஆகியவற்றை வைட்டமின் சி, ஈ, துத்தநாகம், தாமிரம் ஆகியவற்றோடு கொடுத்துப் பார்த்தார்கள். வயதானவர்களுக்கு வரும் விழித்திரை மையச் சிதைவு முற்றாமல் தடுக்கத்தான் அந்தக் கலவை. கண் உறுத்தலுக்கோ எரிச்சலுக்கோ அல்ல. அந்த நோய் நடுத்தர நிலையில் இருப்பவர்களுக்கு மருத்துவர் அதை எழுதிக் கொடுப்பது சரியான வைத்தியம். அதே அளவுகளை டப்பாவில் அச்சடித்து, இருபத்தைந்து வயதுத் தம்பியின் செல்போன் சோர்வுக்கு விற்பதைப் பார்க்கும்போது எனக்கு மனம் ஒப்பவில்லை. அவர் கொடுக்கும் பணம் அவருடைய மூன்று நாள் மதியச் சாப்பாட்டுக்கு ஆகும்.

ஆளி விதை, பாசி எண்ணெய் போன்ற சைவ ஒமேகா-3 உதவுமா?

வறட்சிக்கு ஓரளவு காரணத்தோடு பரிந்துரைக்கப்பட்டது ஒமேகா-3 என்ற கொழுப்புச் சத்து மட்டும்தான். அது அழற்சியைத் தணிக்கும், இமைச் சுரப்பியின் எண்ணெயை இளக்கும் என்பது எதிர்பார்ப்பு. சிறிய ஆய்வுகள் சிலவற்றில் நல்ல பலன் தெரிந்தது. ஆனால் 2018-இல் வெளியான 'ட்ரீம்' என்ற பெரிய ஆய்வு நிலைமையை மாற்றிவிட்டது. வறட்சியால் அவதிப்பட்ட 535 பேரில் ஒரு பகுதியினருக்கு நாளுக்கு 3,000 மில்லிகிராம் மீன் எண்ணெய் ஒமேகா-3, மற்றவர்களுக்கு அதே தோற்றத்தில் ஆலிவ் எண்ணெய் மாத்திரை, ஓர் ஆண்டு முழுவதும். இரண்டு பிரிவினருக்குமே உறுத்தல் குறைந்தது, ஏறக்குறைய ஒரே அளவு. மீன் எண்ணெய்க்குத் தனிச் சிறப்பு எதுவும் தெரியவில்லை.

இனி சைவ வடிவங்களுக்கு வருவோம். ஆளி விதையில் இருப்பது ஏ.எல்.ஏ. என்ற மூல வடிவம். நம் உடல் அதை மீன் எண்ணெயில் இருக்கும் இ.பி.ஏ., டி.எச்.ஏ. வடிவங்களாக மாற்றிக்கொள்ள வேண்டும், மாறுவதோ மிகச் சிறிய பங்குதான். பாசி எண்ணெயில் டி.எச்.ஏ. நேரடியாகவே இருக்கிறது. மீனுக்கே அது கடல் பாசி வழியாகத்தான் வருகிறது. ஆகவே சைவம் சாப்பிடுபவர்கள் ஒமேகா-3 எடுத்தே ஆக வேண்டும் என்றால் பாசி எண்ணெய் பொருத்தமானது. மீன் எண்ணெய் செய்யாததை அது செய்யும் என்று நம்பக் காரணம் இல்லை.

ஆளி விதை பிடித்திருந்தால் மாத்திரையாக வாங்காதீர்கள். மளிகைக் கடையில் விதையாக வாங்கி, வெறும் வாணலியில் லேசாகச் சூடு காட்டி, வாரத்துக்கு வேண்டியதை மட்டும் பொடித்து வைத்துக்கொள்ளுங்கள். முழு விதை பெரும்பாலும் செரிக்காமலே வெளியேறிவிடும், அதிகமாகப் பொடித்து வைத்தால் சிக்கு வாடை வந்துவிடும். ஒரு மேசைக்கரண்டிப் பொடியில் ஒன்றரை கிராம் அளவுக்கு ஏ.எல்.ஏ. கிடைக்கும். இட்லிப் பொடியோடு கலந்தால் தெரியவே தெரியாது. இது உடம்புக்கு நல்லது என்பதால் சொல்கிறேன், கண்ணுக்கு மருந்து என்பதால் அல்ல.

என் அக்காவுக்கு இதே மாத்திரையால் சரியாகிவிட்டதே?

அவர் பொய் சொல்லவில்லை. மேலே சொன்ன ஆய்வில் ஆலிவ் எண்ணெய் சாப்பிட்டவர்களுக்கும் சரியானதை நினைத்துப் பாருங்கள். உறுத்தல் உச்சத்தில் இருக்கும்போதுதான் யாரும் மாத்திரை வாங்குவார்கள். வறட்சி தானாகவே ஏறும், இறங்கும். பனிக்காற்றும் ஏ.சி.யும் மாறும், வேலைப் பளு மாறும். மாத்திரை வாங்கியவர் கண்ணைக் கவனிக்கவும் தொடங்கியிருப்பார்.

வைட்டமின் ஏ குறைந்தால் கண் வறண்டுபோகும் என்று பள்ளியில் படித்தோமே?

சரியாகத்தான் படித்தீர்கள். சத்து குறைந்து கண் வறண்டு, சத்து கொடுத்ததும் குணமாகும் உண்மையான நோய் அதுதான். முதலில் மாலைக்கண். அந்தி சாய்ந்ததும் குழந்தை வாசற்படியில் தடுக்கி விழும். பிறகு வெள்ளை விழியில் சோப்பு நுரை ஒட்டியதுபோல ஒரு திட்டு. அதற்கும் பிறகு கருவிழியே வறண்டு, குழைந்து, பார்வை போய்விடும். ஒரு காலத்தில் இந்தியாவில் குழந்தைகளின் பார்வை பறிபோக இது பெரிய காரணமாக இருந்தது. அதனால்தான் 1970-இல் மத்திய அரசு வைட்டமின் ஏ திரவம் கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கியது. ஒன்பதாவது மாதத்தில் ஒரு லட்சம் யூனிட், பிறகு ஐந்து வயது வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரண்டு லட்சம் யூனிட். அங்கன்வாடியில் கரண்டியால் ஊற்றுவார்களே, அதுதான். இந்தச் சத்தின் அருமைக்குத் திருச்சி மாவட்டமே சாட்சி. அங்கே பதினைந்தாயிரம் குழந்தைகளுக்கு மேல் சேர்த்து நடத்திய ஆய்வில், வாரம் ஒருமுறை சிறிதளவு வைட்டமின் ஏ பெற்ற குழந்தைகளிடையே இறப்பு பாதிக்கும் மேல் குறைந்தது. 1990-இல் வெளியான அந்த முடிவு உலகம் முழுவதும் எடுத்துக்காட்டப்படுகிறது. கண்ணுக்காகத் தொடங்கிய அக்கறை உயிரையே காத்தது.

ஆனால் மூன்று வேளையும் கலவையாகச் சாப்பிடும் பெரியவர்களுக்கு இந்தக் குறைபாடு அரிது. குடல் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், நாள்பட்ட கல்லீரல் நோய் உள்ளவர்கள், கொழுப்பைச் செரிக்க முடியாதவர்கள் ஆகியோருக்கு வரலாம். இருட்டில் பார்வை குறைந்தால் மருத்துவரிடம் சொல்லிப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். உடலில் போதுமான அளவு இருப்பவர் மேலும் ஏ மாத்திரை சாப்பிட்டால் வறட்சி குறையாது.

பொன்னாங்கண்ணி, முருங்கைக்கீரை, கேரட்?

தாராளமாகச் சாப்பிடுங்கள். என் ஆச்சி, பொன்னாங்கண்ணியை ஒரு மண்டலம் விடாமல் சாப்பிட்டால் பகலிலேயே நட்சத்திரம் தெரியும் என்பார். நட்சத்திரம் தெரியாது. ஆனால் கீரையில் பீட்டா கரோட்டினும் லுடீனும் நிறைய இருப்பது உண்மை. மாத்திரையில் காசு கொடுத்து வாங்கும் அதே லுடீன்தான்.

ஒரு செய்தி மட்டும் மனதில் வையுங்கள். இந்த நிறமிகள் தண்ணீரில் கரையாதவை, எண்ணெயோடு போனால்தான் குடல் உறிஞ்சும். எண்ணெய் கூடாது என்று கீரையை வெறும் தண்ணீரில் வேகவைத்துச் சாப்பிடுபவர்கள் பாதிப் பலனை இழக்கிறார்கள். ஒரு கரண்டி நல்லெண்ணெயில் தாளித்து, தேங்காய் துருவிப் போட்டு இறக்கும் நம் வீட்டுப் பொரியலே இதற்கு மிகச் சரியான முறை. கீரையில் உள்ள பீட்டா கரோட்டின் 12 பங்கு சேர்ந்தால்தான் உடலில் ஒரு பங்கு வைட்டமின் ஏ கிடைக்கும் என்று கணக்கு. எனவே வாரத்தில் மூன்று நான்கு நாளாவது கீரை இருக்கட்டும். ரத்தம் உறைந்து கட்டியாகாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர்கள் மட்டும் கீரை அளவைத் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ கூடாது.

பில்பெர்ரி, சீபக்தார்ன், அஸ்டாசாந்தின் என்றெல்லாம் எழுதியிருக்கிறதே?

பில்பெர்ரி ஐரோப்பாவின் குளிர்ப் பகுதியில் விளையும் நீலப் பழம். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானிகள் அதன் ஜாமைச் சாப்பிட்டு இரவில் நன்றாகப் பார்த்தார்கள் என்ற கதைதான் அதன் மூலதனம். அந்தக் கதைக்கு ஆதாரம் இல்லை. அஸ்டாசாந்தின் ஒரு வகைப் பாசியிலிருந்து எடுக்கும் சிவப்பு நிறமி. கண் சோர்வுக்கு நடந்த ஆய்வுகள் சிறியவை.

சீபக்தார்ன் பழம் லடாக்கில் முள்புதராக வளர்கிறது. அதன் எண்ணெயை நாளுக்கு 2 கிராம் வீதம் மூன்று மாதம் கொடுத்து பின்லாந்தில் ஆய்வு செய்தார்கள். முடிவு 2010-இல் வந்தது. குளிர்காலத்தில் கண்ணீரின் உப்புச் செறிவு ஏறுவதை அது கொஞ்சம் தடுத்தது. இந்த மூன்றில் எனக்கு ஓரளவு நம்பிக்கை தருவது இதுதான். ஆனாலும் நூறு பேர் அளவில் நடந்த ஓர் ஆய்வை வைத்து யாருக்கும் வாங்கச் சொல்ல மாட்டேன்.

திரிபலா நீரால் கண் கழுவலாமா? விளக்கெண்ணெய் விடலாமா? நந்தியாவட்டை?

கடுக்காய், நெல்லிக்காய், தான்றிக்காய் சேர்ந்த திரிபலாவை வாய்வழி எடுப்பது வேறு, கண்ணுக்குள் ஊற்றுவது வேறு. வீட்டில் காய்ச்சி வடிகட்டும் நீர் எவ்வளவு சுத்தமாகத் தெரிந்தாலும் கிருமி நீக்கியது அல்ல. வறண்ட கண்ணின் மேல்தோலில் ஏற்கெனவே நுண்ணிய சிராய்ப்புகள் இருக்கும். அதில் பூஞ்சையோ அமீபாவோ புகுந்தால் கருவிழியில் புண் வந்து வெண்தழும்பு விழும். நந்தியாவட்டைப் பூவை மூடிய கண்ணின் மேல் வைத்தால் குளிர்ச்சியாக இருக்கும். ஆனால் காம்பின் பால் கண்ணில் பட்டுவிடக் கூடாது. தாய்ப்பால், தேன், வெங்காயச் சாறு எதையும் விடாதீர்கள்.

"கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது" என்பது நம் சொலவடை. சமையலறைப் புட்டியில் இருக்கும் விளக்கெண்ணெயை அந்தச் சொலவடையை நம்பிக் கண்ணில் விடுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வேண்டாம். சித்த, ஆயுர்வேதக் கண் சொட்டுகள் வேண்டுமென்றால் பட்டம் பெற்ற மருத்துவர் பார்த்து, கிருமி நீக்கிய புட்டியில் வந்ததை எழுதிக் கொடுக்கட்டும்.

உடல் சூட்டால்தான் கண் எரிகிறது என்கிறார்களே?

எரிச்சலைச் சூடு என்று சொல்லிப் பழகிவிட்டோம். அதனால் குளிர்ச்சியைத் தேடி வெள்ளரிக்காய் வைக்கிறோம். அது அந்த நேரத்துக்கு இதம்தான். ஆனால் இமைச் சுரப்பி அடைத்தவர்களுக்கு வேண்டியது நேர்மாறு: இளஞ்சூடு. உறைந்த தேங்காய் எண்ணெயை வெயிலில் வைத்தால் இளகுவதுபோல, இமைக்குள் கெட்டியான எண்ணெய் இளஞ்சூட்டில் இளகி வெளியே வரும்.

செடியிலிருந்து வந்ததுதானே, கெடுதல் என்ன வந்துவிடும்?

எருக்கம்பாலும் செடியிலிருந்துதான் வருகிறது. புகைபிடிப்பவர்கள் பீட்டா கரோட்டினை மாத்திரையாக அதிக அளவில் எடுத்தபோது நுரையீரல் புற்றுநோய் கூடியது. பின்லாந்தில் நடந்து 1994-இல் வெளியான ஆய்வில் தெரியவந்த உண்மை இது. அதனால்தான் 'அரெட்ஸ் 2'-இல் அதை எடுத்துவிட்டு லுடீனைச் சேர்த்துப் பார்த்தார்கள். கீரையிலும் கேரட்டிலும் உள்ள பீட்டா கரோட்டினுக்கு இந்த அச்சம் இல்லை. ஜின்கோ என்ற மரத்தின் இலைச் சாறு, ரத்தம் உறையாமலிருக்கும் மருந்துகளோடு சேர்ந்தால் ரத்தக்கசிவு வரலாம். கர்ப்பிணிகள் ரெட்டினால் வடிவ வைட்டமின் ஏ-யை நாளுக்கு 10,000 யூனிட்டுக்கு மேல் எடுத்தால் கருவில் இருக்கும் குழந்தைக்குக் குறைபாடு ஏற்படலாம். கர்ப்பமாக இருந்தால் எந்தக் கண் மாத்திரையையும் மகப்பேறு மருத்துவரிடம் காட்டாமல் வாங்காதீர்கள்.

"தாவரச் சத்து" என்று இருந்தால் முழுச் சைவம்தானா?

இல்லை. உள்ளே செண்டுமல்லிச் சாறு இருந்தாலும் மேலே இருக்கும் மென்மையான உறை பெரும்பாலும் ஜெலட்டின், அதாவது மாட்டுத் தோல், எலும்பிலிருந்து எடுப்பது. சேர்த்திருக்கும் வைட்டமின் டி3 பொதுவாக ஆட்டு ரோமக் கொழுப்பிலிருந்து வருகிறது. முன்பக்க இலைப் படத்தைப் பார்க்காமல் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். பின்பக்கத்தில் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் 14 இலக்க உரிம எண்ணும், ஒவ்வொரு பொருளும் எத்தனை மில்லிகிராம் என்ற கணக்கும் இருக்க வேண்டும். "சிறப்பு மூலிகைக் கலவை 500 மில்லிகிராம்" என்று மொத்தமாகப் போட்டிருந்தால் கீழே வைத்துவிடுங்கள். அதே அட்டையில் "மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல" என்ற வரியையும் படியுங்கள்.

மாத்திரை வேண்டாம் என்றால் என்னதான் செய்வது?

செக்கிங் வேலை பார்க்கும் ஓர் அக்கா இரண்டு மாதம் தொடர்ந்து லுடீன் டப்பா வாங்கினார். மூன்றாவது முறை வந்தபோது, வேலை செய்யும் இடம் எப்படி இருக்கும் என்று கேட்டேன். மேசைக்கு எதிரில் ஸ்டாண்டு ஃபேன், காற்று நேரே முகத்தில். ஊசி கோக்கும்போது கையை நீட்டிப் பிடிப்பதாகச் சொன்னார். வயது நாற்பத்து மூன்று. கண் பரிசோதனைக்கு அனுப்பினேன். வாசிப்புக் கண்ணாடி எழுதிக் கொடுத்தார்கள். ஃபேனை முதுகுப் பக்கம் திருப்பிக்கொண்டார். அடுத்த மாதம் வந்தபோது டப்பா கேட்கவில்லை, பாராசிட்டமால் மட்டும் வாங்கிக்கொண்டு போனார். சோர்ந்த கண்ணில் பாதி, கண்ணாடி போட வேண்டியதைப் போடாமல் இழுத்துப்பிடிக்கும் கண் என்பது என் அனுபவம்.

வீட்டில் செய்ய வேண்டியது ஒத்தடம். சுத்தமான வெள்ளைத் துணியை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, முன்கையில் வைத்துச் சூடு பார்த்துவிட்டு, மூடிய இமையின் மேல் ஐந்து முதல் பத்து நிமிடம் வையுங்கள். துணி ஆறிப்போகும், திரும்பத் திரும்ப நனைக்க வேண்டும். பிறகு மேல் இமையை மேலிருந்து கீழாகவும் கீழ் இமையைக் கீழிருந்து மேலாகவும் விரல் நுனியால் மென்மையாக நீவுங்கள். தினம் ஒருமுறை, குறைந்தது ஒரு மாதம். வேலை நேரத்தில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 அடி தள்ளி 20 நொடி பாருங்கள், அப்போது இமையை முழுசாக மூடி மூடித் திறங்கள்.

செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு பயனுள்ளது. நாளுக்கு நான்கு முறைக்கு மேல் விட வேண்டியிருந்தால், கெடாமலிருக்கச் சேர்க்கும் ரசாயனம் இல்லாத வகையைக் கேட்டு வாங்குங்கள், அந்த ரசாயனமே கண்ணை உறுத்தும்.

எப்போது உடனே மருத்துவரிடம் போக வேண்டும்?

வலியோடு கண் சிவந்தால், வெளிச்சம் பார்க்க முடியாமல் கூசினால், பார்வை மங்கினால், கருவிழியில் வெண்புள்ளி தெரிந்தால், லென்ஸ் போடுபவருக்கு ஒரு கண்ணில் மட்டும் வலி வந்தால் அன்றைக்கே போங்கள். கண்ணோடு வாயும் வறண்டு மூட்டும் வலித்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

"போன தடவை இந்தச் சொட்டு மருந்தில் ஒரே நாளில் சிவப்பு போனது, அதையே கொடுங்கள்" என்று பழைய புட்டியை நீட்டுபவர்கள் உண்டு. பெரும்பாலும் அது ஸ்டீராய்டு. மருத்துவர் கண்காணிப்பு இல்லாமல் மாதக்கணக்கில் விட்டால் கண் அழுத்தம் ஏறும், புரை விழும். சீட்டு இல்லாமல் அதை நான் யாருக்கும் கொடுப்பதில்லை. கோபித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போகிறவர்களிடம், அங்கேயும் வாங்காதீர்கள் என்று வாசல் வரை வந்து சொல்லி அனுப்புகிறேன்.